நாய்க்கு எலும்புப் புற்றுநோய்: எந்தச் செலவை முதலில் செய்வது?

கேள்வி: எங்கள் லாப்ரடார் முத்துவுக்கு எட்டு வயது, எடை 30 கிலோ. ஒரு மாதமாக வலது முன்னங்காலை நொண்டுகிறான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீக்கம் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்புப் புற்றுநோய் போலத் தெரிகிறது, காலை முழுவதும் அகற்றி ஆறு முறை கீமோ கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அறுவைக்கு 75,000 ரூபாய், கீமோவுக்குத் தலா 16,000, மீதமுள்ள சோதனைகளுக்கு 14,000 என்று மொத்தம் 1,85,000 ரூபாய் ஆகுமாம். பாதித் தொகையை இரண்டு நாளில் கட்டச் சொல்கிறார்கள். எங்களிடம் இருப்பது மகளின் கல்லூரிக்காகச் சேர்த்த இரண்டு லட்சம்தான். கடன் வாங்கியாவது செய்துவிடலாமா? லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் மூன்று காலோடு அவனால் வாழ முடியுமா?
— செம்பூர் வாசகி, மும்பை

பதில்: முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். அந்த 14,000 ரூபாய்ச் சோதனைகளை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். பெரிய உடல்வாகுள்ள நாய்க்கு, நீங்கள் சொல்லும் அதே இடத்தில் வீக்கம் வந்தால், அது ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் பூஞ்சைத் தொற்றும் வேறு வகைக் கட்டிகளும் எக்ஸ்ரேயில் இதேபோலத் தோன்றக்கூடும் என்பதால், ஊசியால் செல்களை எடுத்துப் பரிசோதித்த அறிக்கை கைக்கு வராமல் ஒரு காலை அகற்றச் சம்மதிக்கக் கூடாது. அதோடு இரண்டு பக்கவாட்டிலிருந்தும் நேராகவும் என மூன்று கோணங்களில் நெஞ்சு எக்ஸ்ரேயும், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதியின் அளவு உட்பட இரத்தப் பரிசோதனையும் தேவை. முடிவுகள் வரும்வரை மருத்துவரிடம் வலி மருந்து எழுதி வாங்குங்கள். வீட்டில் இருக்கும் இபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகள் நாய்க்கு விஷம், அவற்றை ஒருபோதும் கொடுக்காதீர்கள். இந்த நோயில் எலும்பு திடீரென முறியக்கூடும், அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் முடியாது. இருந்தாலும் சில நாள் பொறுத்துச் சோதனை முடிவைப் பார்ப்பதற்கும், அவசரப்பட்டுப் பெருந்தொகையைக் கட்டுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது.

உங்களிடம் ஒரே தொகையாகச் சொல்லப்பட்ட 1,85,000 ரூபாயில் இரண்டு தனித்தனி முடிவுகள் அடங்கியிருக்கின்றன. காலை அகற்றுவது வலியை நீக்குவதற்காக. கீமோ ஆயுளைக் கூட்டுவதற்காக. நோய் கண்டறியப்படும் நேரத்தில் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், பத்தில் ஒன்பது நாய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் ஏற்கெனவே பரவியிருக்கும். ஆகவேதான் அறுவை மட்டும் செய்யப்பட்ட நாய்களில் பாதி, நான்கைந்து மாதங்களில் இறந்துவிடுகின்றன. கீமோவும் சேரும்போது அந்தக் காலம் பத்து முதல் பன்னிரண்டு மாதங்களாக நீள்கிறது, ஐந்தில் ஒன்று இரண்டு ஆண்டுகளைக் கடக்கிறது. உங்கள் பணம் எதை வாங்கித் தரும், எதை வாங்கித் தராது என்று தெரிந்தபின் நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

நுரையீரல் சுத்தமாக இருந்து, மற்ற மூன்று கால்களிலும் இடுப்பிலும் மூட்டுக் கோளாறு இல்லையென்றால், அறுவைக்குச் செலவழிப்பது நியாயம் என்பது என் கருத்து. அதற்கு முன் பரேலில் உள்ள பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனையில் இன்னொரு கருத்தும் மதிப்பீடும் கேளுங்கள். அங்கேயே மும்பை கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 2024-இல் மகாலட்சுமியில் தொடங்கப்பட்ட டாட்டா டிரஸ்ட்ஸ் சிறு விலங்கு மருத்துவமனையும் உண்டு. எங்கே செய்தாலும், மயக்க மருந்து, கூடுதல் நாள் தங்கல், தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுதல், அகற்றிய எலும்பின் திசுப் பரிசோதனை ஆகியவை அறுவைக் கட்டணத்தில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் திசுப் பரிசோதனையைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள், கீமோ வேண்டுமா என்பதை அதுதான் சொல்லும்.

கீமோவை ஆறு முறைக்கும் சேர்த்து ஒரே தொகுப்பாக வாங்கவே வேண்டாம். பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு தடவை கார்போபிளாட்டின் என்னும் கீமோ மருந்தைக் கொடுக்கிறார்கள். இடையில் நுரையீரலில் நோய் தென்பட்டாலோ இரத்த அணுக்கள் குறைந்தாலோ திட்டம் மாறிவிடும், முன்பே கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. ஒவ்வொரு தடவையும் தனியாகக் கட்டுங்கள். அந்த 16,000 ரூபாயில் மருந்தின் விலை எவ்வளவு, அதை உடலில் ஏற்றுவதற்கான கட்டணம் எவ்வளவு, இரத்தப் பரிசோதனை எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். கார்போபிளாட்டின் மனிதர்களுக்குத் தரும் அதே மருந்துதான். அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருப்பதால் அதற்கு அரசு உச்சவிலை வைத்திருக்கிறது, பல நிறுவனங்களின் ஜெனரிக்கும் கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 300 மில்லிகிராம் என்ற வழக்கமான கணக்கில், 30 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 290 மில்லிகிராம் வரும். அதற்கு 450 மில்லிகிராம் குப்பியைத் திறந்து மீதியைக் கொட்டுவதைவிட, 150 மில்லிகிராம் குப்பிகள் இரண்டு போதுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அளவை முடிவு செய்வது அவர்தான், ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குப்பியின் தொகுதி எண்ணும் எம்ஆர்பியும் பில்லில் இருக்க வேண்டும்.

பில்லைப் பற்றி இன்னொன்று. கால்நடை மருத்துவமனை விலங்குகளுக்கு அளிக்கும் சிகிச்சைச் சேவைக்கு 2017 முதல் ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. மருந்தின் எம்ஆர்பியிலோ வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அறுவைக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி என்று ஒரு வரி சேர்ந்திருந்தால், எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். சரியான விளக்கம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

மகளின் கல்லூரிப் பணத்தைத் தொட வேண்டாம் என்றே சொல்வேன், கடன் செயலிகள் பக்கமும் போகாதீர்கள். அறுவைக்கு மட்டும் பணம் குறைந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்கலாம். மாதந்தோறும் எவ்வளவு அடைக்க முடியும் என்று முதலில் கணக்கிட்டு, அந்த வரம்புக்குள் கீமோ வந்தால் செய்யுங்கள், வராவிட்டால் வலியில்லாத சில மாதங்களை முத்துவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அது அவனைக் கைவிடுவதாகாது.

ஒருவேளை நுரையீரலில் நோய் தெரிந்துவிட்டால், அறுவைக்கு அந்தத் தொகையைச் செலவிட நான் சொல்லமாட்டேன். வலி மருந்துகளும், மருத்துவர் பொருத்தமென்று கருதினால் எலும்பரிப்பைக் குறைக்கும் சோலிட்ரானிக் அமில ஊசியும் மிகக் குறைந்த செலவில் சில காலம் நிம்மதி தரும். மருந்துக்கு வலி கட்டுப்படாத நாள் வரும்போது கருணைக்கொலை பற்றி மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள்.

மூன்று காலோடு வாழ்வதைப் பற்றிக் கவலை வேண்டாம். அளவான எடையுள்ள நாய்கள் பெரும்பாலும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. மாடிப்படிதான் சிரமம். முதல் சில வாரங்கள் துணிப்பட்டையை நெஞ்சுக்கடியில் கொடுத்துத் தாங்கி இறக்குங்கள், வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்பு போடுங்கள். முன்னங்காலைத் தோள்பட்டையோடு அகற்றுவதே வழக்கம், ஆகையால் செயற்கைக் கால் விற்க வருபவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்கு இரண்டு வயது, நோய் எதுவும் இல்லை. இப்போதே காப்பீடு எடுத்தால் பிற்காலத்தில் இப்படிப்பட்ட செலவுக்கு உதவுமா?
— சயான் கோலிவாடா வாசகர், மும்பை

பதில்: எடுக்க வேண்டிய நேரம் இதுதான், ஏனென்றால் நோய் தெரிந்தபின் எடுக்கும் பாலிசி அந்த நோய்க்குப் பணம் தராது. பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: புற்றுநோய் அடிப்படைப் பாலிசியிலேயே அடங்குமா அல்லது கூடுதல் கட்டணம் கேட்கிறதா, எத்தனை நாள் காத்திருப்புக் காலம், அறுவைக்கும் மருந்துக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டா, நாய்க்கு எந்த வயதுவரை புதுப்பிப்பார்கள். தடுப்பூசிப் புத்தகத்தை விடுபடாமல் வைத்திருங்கள், தடுப்பூசி தவறியதைக் காரணம் காட்டிக் கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது.