ஜூலை 16 கெட்ட நாளா?

கேள்வி: என் மகள் பிறந்தது ஜூலை 16. 'கும்பகோணம் பிள்ளைகள் போன நாளில் பிறந்தவள்' என்று உறவினர் ஒருவர் ஒவ்வொரு பிறந்தநாளிலும் மறக்காமல் சொல்கிறார். எண் கணிதம் பார்ப்பவரோ 16 ஆகாத எண் என்கிறார். கேட்டுக் கேட்டு, இந்த வருடம் கேக்கே வேண்டாம் என்கிறாள் மகள். அந்த நாளில் நல்லது எதுவுமே நடக்கவில்லையா? (ஒரு தாய், மன்னார்குடி)

பதில்: மகளுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள் அம்மா. கேக்கை வாங்கிவிடுங்கள்.

நல்லது நடந்திருக்கிறது. 1969 ஜூலை 16 அன்றுதான், நிலவில் முதன்முதலாக மனிதர்களை இறக்கிய அப்பல்லோ 11 அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து கிளம்பியது. அங்கே காலை 9.32, நமக்கு இரவு 7 மணி சுமார். ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் 110 மீட்டர் உயர ராக்கெட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தார்கள். 1994 ஜூலை 16 அன்று ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்நட்சத்திரத்தின் முதல் துண்டு வியாழன் கோளில் மோதியது. அடுத்த ஆறு நாட்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டுகள் விழுந்தன. அவை உண்டாக்கிய கறுப்புத் தழும்புகளில் சில பூமியளவு பெரியவை, சிறிய தொலைநோக்கியிலேயே தெரிந்தன. அப்படியொரு மோதலை முன்கூட்டியே கணித்து மனிதர்கள் காத்திருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

இவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்கள் மகளை நான் சின்னக் குழந்தையாக நடத்துவதாகிவிடும். அதே நாளின் மற்ற பக்கத்தையும் அவள் தெரிந்துகொள்ளட்டும்.

1945 ஜூலை 16, விடியற்காலை 5.29. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள். முதலில் குறித்த நேரம் 4 மணி. இடி மின்னலோடு மழை பிடித்துக்கொண்டதால் தள்ளிப்போட்டார்கள். 30 மீட்டர் உயர இரும்புக் கோபுரத்தின் மேல் இருந்தது குண்டு. வெடித்ததும் கோபுரம் ஆவியானது, கீழே இருந்த மணல் உருகிப் பச்சை நிறக் கண்ணாடியாக உறைந்தது. என்ரிகோ ஃபெர்மி என்ற விஞ்ஞானி கையில் காகிதத் துண்டுகளை வைத்திருந்தார். அதிர்வலை வந்து சேரும்போது அவற்றைக் கீழே விட்டு, எவ்வளவு தூரம் தள்ளப்படுகின்றன என்று பார்த்து வெடிப்பின் பலத்தைக் கணக்குப் போட்டார். சுற்றுவட்டார மக்களுக்குச் சொன்னதோ, வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது என்று. காற்று வாக்கில் கதிர்வீச்சுத் தூசி படிந்த ஊர்களை யாரும் காலி செய்யவில்லை. பின்னாளில் நெவாடா மாநிலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1990-இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தபோதும் நியூ மெக்சிகோக்காரர்களை விட்டுவிட்டார்கள். அவர்களைச் சேர்த்தது 2025-இல், 80 வருடம் கழித்து.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. குண்டு வெடித்த சில மணி நேரத்தில், ஹிரோஷிமாவில் போடப்போகிற குண்டின் பாகங்களோடு இண்டியானாபோலிஸ் என்ற போர்க்கப்பல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டது. 26-ஆம் தேதி தினியன் தீவில் சரக்கை இறக்கியது. 30-ஆம் தேதி ஜப்பானிய நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. கப்பலைக் காணோம் என்று மூன்று நாட்களுக்கு மேல் யாருமே தேடவில்லை. ஏறத்தாழ 1200 பேரில் பிழைத்தவர்கள் 316.

அப்புறம் 2004. வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில், ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இடம். மதிய உணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ கூரைக் கீற்றுக்குத் தாவியது. மாடியில் இருந்தவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். படிக்கட்டு ஒடுக்கமானது. 94 குழந்தைகள்.

நான் அப்போது அதே டெல்டாவில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஆறாம் வகுப்புகூடக் கீற்றுக் கொட்டகைதான். வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று பிள்ளைகள் அங்கே உட்காரப் போட்டி போடுவார்கள். திங்கட்கிழமை நான் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கீற்று, மூங்கில், கயிறு; அவற்றுக்கு நடுவே தொங்கிய மின்ஒயர். ஆண்டுக்கணக்கில் அதன் கீழே நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த வாரமே ஆட்கள் வந்து கூரையைப் பிரித்துப்போட்டார்கள். ஓடு வரும்வரை புங்க மரத்தடியில் வகுப்பு நடந்தது. தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறங்கியது அதற்குப் பிறகுதான். இந்தத் தீ விபத்தை முன்வைத்துப் போடப்பட்ட வழக்கில்தான், 2009-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிக் கட்டடங்களுக்குத் தீப் பாதுகாப்பு வேண்டும் என்று உத்தரவிட்டது. குற்றவியல் வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2014 ஜூலை ஆனது. பத்து வருடம்! இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இப்போது உங்கள் எண் கணிதக்காரருக்கு வருவோம். இந்த நிகழ்ச்சிகள் ஏன் 16-ஆம் தேதி நடந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். குண்டு சோதனைக்கு அவசரம் காட்டியதன் காரணம், மறுநாள் 17-இல் ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் அமெரிக்க அதிபர் ட்ரூமனும் சோவியத் தலைவர் ஸ்டாலினும் சந்திக்கும் மாநாடு தொடங்க இருந்தது. பேச்சுக்கு உட்காரும்போது குண்டு கையில் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அப்பல்லோவுக்குத் தேதி குறித்தது சூரியன். நிலவில் இறங்கும் இடத்தில் வெயில் தாழ்வாக, சாய்வாக விழுந்தால்தான் பாறைகளும் பள்ளங்களும் நிழலோடு கண்ணுக்குத் தெரியும். அந்த வெளிச்சம் கிடைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜூலை 16. வால்நட்சத்திரம் ஈர்ப்பு விசையின் பாதையில் வந்தது. கும்பகோணத்துக்கு மட்டும் தேதிக் காரணம் எதுவும் கிடையாது. அந்தக் கூரையும் அந்த அடுப்பும் அந்தப் படிக்கட்டும் இருந்தவரை அது எந்தப் பள்ளி நாளிலும் நடந்திருக்கும். தேதியின் மேல் பழி போட்டால், கீற்றைப் போட்டவர்களும் அனுமதி கொடுத்தவர்களும் தப்பித்துக்கொள்கிறார்கள். உறவினர் அடுத்த முறை வாய் திறந்தால் இதைச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஆண்டுதோறும் அன்று பள்ளிக்கு முன்னால் படங்களை வைத்து, பூப்போட்டுக் கும்பிடுகிறார்கள். மகளுக்கு மனம் இருந்தால், காலையில் அவர்களை நினைத்து ஒரு விளக்கு ஏற்றட்டும். மாலையில் கேக் வெட்டட்டும். இரண்டும் ஒரே நாளில் தாராளமாக இருக்கலாம்.

கேள்வி: ஆகஸ்ட் 15 நமக்கும் சுதந்திர நாள், கொரியாவுக்கும் விடுதலை நாள். தற்செயலா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: இல்லை தம்பி, வேர் ஒன்று. 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் பேரரசர் வானொலியில் சரணடைவதை அறிவித்தார். ஜப்பானின் பிடியிலிருந்த கொரியாவுக்கு அதுவே விடுதலை. தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டன், பிறகு இந்தியாவுக்கு நாள் குறிக்க வேண்டி வந்தபோது, அந்த வெற்றியின் இரண்டாம் ஆண்டு நாளையே பிடித்துக்கொண்டார். 1960-இல் காங்கோ பிராசவில் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றதும் ஆகஸ்ட் 15. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜனவரி 26-உம் இப்படித் தேர்ந்தெடுத்த நாள்தான். முழு விடுதலை என்று 1929 டிசம்பரில் லாகூரில் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. அதற்கு உறுதிமொழி எடுக்க 1930 ஜனவரியின் கடைசி ஞாயிற்றைக் குறித்தார்கள். அது 26-ஆம் தேதி. அரசியலமைப்பு 1949 நவம்பரிலேயே ஏற்கப்பட்டும், நடைமுறைக்கு வர அந்த நாளுக்காகக் காத்திருந்தார்கள். 2001-இல் அதே நாள் காலை 8.46-க்குக் குஜராத்தில் பூகம்பம் வந்தபோது, அஞ்சார் ஊரின் குறுகலான தெருவில் பள்ளிப் பிள்ளைகள் குடியரசு நாள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். இரு பக்கமும் கட்டடங்கள் அவர்கள் மேல் சரிந்தன. வேறு தேதியாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். தேதி உண்மையிலேயே உயிரோடு விளையாடிய இடம் என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

கேள்வி: ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டெஸும் ஒரே நாளில் இறந்தார்களாமே? (வாசகி, புதுச்சேரி)

பதில்: இல்லை. இருவருக்கும் 1616 ஏப்ரல் 23 என்று எழுதுவது வழக்கம். ஆனால் அப்போது ஸ்பெயின் புதிய கிரிகோரியன் காலண்டரில் இருந்தது, இங்கிலாந்து பழைய ஜூலியனிலேயே இருந்தது. ஷேக்ஸ்பியர் இறந்த அன்று ஸ்பெயினில் தேதி மே 3. அதோடு, செர்வான்டெஸ் இறந்தது 22-ஆம் தேதி, அடக்கம் செய்ததுதான் 23. இங்கிலாந்து 1752-இல் மாறியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று வைத்தார்கள். ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாகக் கொண்டாடுவதில் எனக்கு மகிழ்ச்சியே.

கேள்வி: எங்கள் அப்பா இறந்த தேதியிலேயே என் மகன் பிறந்திருக்கிறான். அவரே வந்துவிட்டாரா? (வாசகர், அறந்தாங்கி)

பதில்: அந்த நினைப்பு உங்களுக்கு ஆறுதல் தந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன். 23 பேர் இருக்கும் இடத்தில் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. 50 பேர் உள்ள வகுப்பென்றால் அநேகமாக நிச்சயம். ஒரு குடும்பத்தின் பிறப்பு, இறப்புத் தேதிகளில் ஏதோ இரண்டு ஒத்துப்போவதும் அப்படித்தான். உங்கள் அப்பா தலைமுறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வாய்க்கு வந்த தேதியைப் பதிவேட்டில் போட்டுவிடுவார். அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்களாக இருப்பது அதனால்தான். இறந்த தேதிக்கு அந்தச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் தெவசம் கொடுப்பது திதிக்கு, பையனுக்கு ஆண்டுநிறைவு செய்வது நட்சத்திரத்துக்கு. அடுத்த வருடப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு நாளில் வரக்கூடும்.