லர்ச்சர் குட்டியை இரவு முயலுக்குப் பழக்குவது: கேள்வி பதில்

வட இங்கிலாந்தில் பண்ணைக்காரர்கள் கூப்பிட்டால் முயலைக் குறைத்துக் கொடுக்க நாயோடு போகிறவன் நான். குளிர்காலம் வந்தாலே லர்ச்சர் என்கிற வேட்டைநாய் பற்றி ஒரே மாதிரி கேள்விகள் வருகின்றன, அதனால் மொத்தமாக உட்கார்ந்து பதில் எழுதிவிட்டேன்.

கே (லெஸ்டர்): அண்ணா, லர்ச்சர் தனி சாதி நாயா? முதல் தடவை வாங்குகிறவன் எந்தக் கலப்பு பார்த்து வாங்குவது?

தனி சாதி இல்லை தம்பி, கலப்புதான். ஒரு பக்கம் கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி, டியர்ஹவுண்ட் என்று ஓட்டத்துக்குப் பிறந்த நாய், மறுபக்கம் கோலி, பெட்லிங்டன் டெரியர் மாதிரி வேலை செய்கிற நாய். நாய் இனங்களைப் பதிவு செய்கிற கென்னல் கிளப் இதை ஓர் இனமாக ஏற்றுக்கொண்டதில்லை, வளர்க்கிறவர்களும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. லைட் அடித்து முயல் பிடிக்கிற ஓட்டம் மிகக் குறுகியது. முயல் வேலியையோ வளையையோ தொடுவதற்குள் எட்டிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் எடுத்த எடுப்பில் பாய்கிற வேகமும் சட்டென்று திரும்புகிற உடம்பும்தான் வேண்டும். கால்பங்கு கோலி, மிச்சம் கிரேஹவுண்டோ விப்பெட்டோ கலந்த 22 முதல் 24 அங்குல உயர நாய் போதும். சலூக்கி அதிகம் கலந்ததை முதல் நாயாக எடுக்காதீர்கள். தூர ஓட்டத்துக்கு அது ராஜா, ஆனால் கூப்பிட்டால் வருவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் வரும்.

கே (நார்விச்): குட்டிக்கு ஆறு மாதம். நல்ல துடிப்பு. இந்தக் குளிர்காலமே லைட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். எல்லாரும் அவசரப்படுகிற இடம் இதுதான். ஆறு மாதத்தில் கால் எலும்பு முனைகள் இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது, அந்த வயதில் முழு வேகத்தில் ஓடவிட்டுத் திருப்பினால் மூட்டு போகும். ஒரு வயது ஆகட்டும். பெரிய உருவ நாய் என்றால் இன்னும் சில மாதம் பொறுங்கள்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. இரவு வேலையில் முக்கால்வாசி பகலில்தான் கற்றுக்கொடுக்கப்படுகிறது. கூப்பிட்டால் வர வேண்டும், அதுவும் ஒரே கூப்பிடலில். இருட்டில் இருநூறு மீட்டர் தள்ளி நிற்கிற நாயைப் பத்துத் தடவை கத்திக் கூப்பிட்டால் அந்த வயலில் முயல் ஒன்றுகூட மிஞ்சாது. அப்புறம் உட்கார், நில். அப்புறம் கயிற்றில் இழுக்காமல் பக்கத்தில் நடப்பது. பழைய சாக்ஸில் துணி அடைத்து, மேலே காய்ந்த முயல்தோல் சுற்றி, வீட்டு நடைபாதை மாதிரி குறுகிய இடத்தில் எறிந்து எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் உங்களிடம் வருவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. மூன்று நான்கு தடவை போதும், இன்னும் வேண்டும் என்று அது கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். சலிக்கச் சலிக்க எறிந்து கெட்டுப்போன நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலி தாண்டுவதையும் சொல்லிக்கொடுங்கள், ஆனால் குட்டிக்கு முழங்கால் உயரப் பலகை போதும். "ஓவர்" என்றால் தாண்டுவது என்று புரிந்தால் சரி, உயரம் பிறகு வரும்.

கே (டெர்பிஷயர்): எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் செம்மறி. நாய் அதைத் துரத்தினால்?

துரத்தினால் உங்கள் வேட்டை அன்றோடு முடிந்தது. 1953ஆம் ஆண்டின் சட்டப்படி மேய்ச்சல் நிலத்தில் கால்நடையை நாய் தொந்தரவு செய்தாலே அதன் சொந்தக்காரர் மேல் குற்றம். மந்தையைக் காக்க வேறு வழியில்லாமல் பண்ணைக்காரர் நாயைச் சுட்டால் 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் அவர் பக்கம் நிற்கும். குட்டி மூன்று மாதமாக இருக்கும்போதே கயிற்றில் பிடித்து ஆட்டுக்கு நடுவே, கோழிக்கு நடுவே தினமும் நடத்துங்கள். பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். ஆடு என்பது பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஒன்றாக அதற்கு ஆக வேண்டும். பகலில் ஆட்டைச் சட்டை செய்யாத நாய்கூட இரவில் வெளிச்சத்தில் ஓடுகிற ஆட்டைப் பார்த்துத் தடுமாறும், அதனால் இருட்டிலும் லைட்டோடு கயிற்றில் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கே (லண்டன்): அண்ணை, இரவில டோர்ச் அடிச்சு நாயை விடுறது இங்க சட்டப்படி சரியோ? பொலிஸ் மறிச்சா என்ன சொல்லுறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாயை விட்டுக் காட்டு விலங்கைத் துரத்துவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதில் முயலுக்கும் எலிக்கும் விலக்கு இருக்கிறது, ஆனால் அந்த நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் இரவில் முயல் பிடித்தால் 1828ஆம் ஆண்டின் இரவுத் திருட்டு வேட்டைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதில் மாட்டுவீர்கள். வாய்ச்சொல் போதாது தம்பி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான இன்னொன்று. ஹேர் என்கிற நீண்ட காது, நீண்ட கால் முயல் வேறு, அதற்கு இந்த விலக்கு இல்லை. வளை தோண்டாது, திறந்த வயலில் படுத்திருக்கும். அது எழுந்தால் நாயை விடக் கூடாது. ஹேரைத் துரத்த அத்துமீறி வருகிற கும்பல்களால் பண்ணைக்காரர்கள் வெறுத்துப்போயிருக்கிறார்கள், 2022இல் தண்டனையையும் கூட்டிவிட்டார்கள், நாய் வளர்க்கவே தடை போடக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அதனால் இரவில் நாயும் லைட்டுமாகப் போகிற எவன் மேலும் சந்தேகம் வரும். நான் கிளம்பும் முன் பண்ணைக்காரருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு அவசரமில்லாத விஷயத்துக்கான போலீஸ் எண் 101க்கும் அடித்து எந்த வயல், என்ன வண்டி என்று சொல்லிவிடுவேன். மறித்தால் தாளைக் காட்டுவேன், முடிந்தது.

கே: நான் கிளாஸ்கோ. இங்கேயும் அதே சட்டம்தானே?

இல்லை. ஸ்காட்லாந்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் முயலையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. நாய் துரத்திப் பிடிக்கிற இந்த வேலை அங்கே கிடையாது.

கே (லிங்கன்ஷயர்): பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது, நீங்கள் சொன்ன பழக்கம் எல்லாம் ஆச்சு. முதல் ராத்திரி எப்படிப் போவது?

நல்ல இருட்டு வேண்டும், அமாவாசையை ஒட்டிய நாட்கள், மேகமும் இருந்தால் இன்னும் நல்லது. காற்று அடிக்க வேண்டும், லேசாகத் தூறினாலும் சரி. காற்றுச் சத்தத்தில் உங்கள் காலடி கேட்காது, அந்த மாதிரி இரவில் முயலும் வளையை விட்டுத் தள்ளி மேயும், வெளிச்சம் பட்டால் ஓடாமல் பம்மி உட்காரும். நிலா வெளிச்சத்தில், காற்று அசையாத இரவில் போனால் நீங்கள் வாசலைத் திறக்கும்போதே எல்லாம் வளைக்குள் போயிருக்கும். தரை உறைந்து கல்லாகக் கிடந்தாலும் போகாதீர்கள், பாதம் கிழியும்.

காற்று முகத்தில் அடிக்கிற திசையில் நடங்கள், முடிந்தால் முயலுக்கும் வளைக்கும் நடுவில் நீங்கள் வருகிற மாதிரி. லைட்டைப் போட்டுக்கொண்டே நடக்காதீர்கள். ஒரு வீச்சு, பார்த்தீர்களா, அணைத்துவிடுங்கள். முயல் கண் சிவப்பாகத் தெரியும். ஆட்டுக் கண் பச்சையும் நீலமுமாகப் பளிச்சென்று, உயரத்தில், பெரும்பாலும் கூட்டமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் நாயை விடாதீர்கள்.

முதல் ராத்திரிக்குப் பம்மி உட்கார்ந்த முயல் மட்டும்தான். ஓடுகிற முயலுக்கு விடவே கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். வேலியை விட்டு நன்றாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிற ஒன்றைத் தேர்ந்துகொண்டு, வெளிச்சத்தை அதன் மேலேயே வைத்து, நாய் அதைப் பார்த்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காது நிமிர்ந்து உடம்பு விறைக்கும், கயிற்றிலேயே தெரியும். அப்படியே இருபது முப்பது அடிவரை போக முடிந்தால் போய், ஸ்லிப் கயிற்றின் (ஒரு முனையை விட்டால் நாய் கழன்றுகொள்கிற கயிறு) ஒரு முனையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுங்கள். கூச்சல், உற்சாகப்படுத்தல் எதுவும் வேண்டாம். முயல் எழுந்து ஓடினால் லைட் முயலைத் தொடர வேண்டும், நாயை அல்ல. ஆனால் நாயின் கண்ணில் அடித்துவிடக் கூடாது. முயல் வேலிக்குள் போய்விட்டால் உடனே அணையுங்கள். வெளிச்சம் போனால் ஆட்டம் முடிந்தது, திரும்பி வா என்று நாய் அதில்தான் கற்றுக்கொள்கிறது. அணைக்காமல் வயல் முழுக்க வீசிக்கொண்டிருந்தால் தானாக வேறு முயலைத் தேடி ஓடும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகாது.

இரண்டு மூன்று ஓட்டம், ஒன்று கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வீட்டுக்கு. முதல் பருவம் முழுக்க இதே கஞ்சத்தனம்தான். ஒரே ராத்திரியில் பதினைந்து ஓட்டம் விட்டுக் குட்டியைக் காலி செய்கிறவர்கள் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்கள்.

கே: ஓடும்போதே குரைக்கிறது அண்ணா. அடித்தால் நிற்குமா?

அடித்தால் உங்களிடம் வருவதுதான் நிற்கும். பிடிக்க முடியாத ஏமாற்றத்தில் வருகிற குரல் அது. பெரும்பாலும் மிகச் சீக்கிரம் ஆரம்பித்திருப்பார்கள், இல்லையென்றால் முடியாத ஓட்டமாக விட்டிருப்பார்கள். கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு, பிறகு கட்டாயம் கிடைக்கும் என்று தோன்றுகிற முயலுக்கு மட்டும் விட்டுப் பாருங்கள். சில கலப்புகளுக்கு, முக்கியமாக டெரியர் அதிகம் இருந்தால், அது ரத்தத்திலேயே வரும். அப்படி ஊறிவிட்டால் மாற்றுவது கஷ்டம், உண்மையைச் சொல்கிறேன்.

கே (பிராட்ஃபோர்ட்): பிடிக்கிறது, ஆனால் கையில் தராமல் சுற்றிச் சுற்றி வருகிறது.

நீங்கள் அதன் வாயிலிருந்து பிடுங்கியிருப்பீர்கள். இனி அது வரும்போது நேருக்கு நேர் நிற்காதீர்கள், லைட்டைக் காலடியில் காட்டி, பக்கவாட்டில் திரும்பிக் குத்துக்காலிட்டு உட்காருங்கள். வந்ததும் முயலைத் தொடாமல் முதலில் நாயின் கழுத்தைத் தடவிக்கொடுங்கள், கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருக்கட்டும். பின்னால் மட்டும் துரத்தாதீர்கள். நல்ல லர்ச்சர் பல் பதியாமல் கவ்வி, முயலை உயிரோடு கையில் தரும்.

கே: நான் கேட்பதைத் தப்பாக எடுக்காதீர்கள் அண்ணா. உயிரோடு கொண்டுவந்தால் அதற்குப் பிறகு? இது கொடுமை இல்லையா?

இதில் தப்பாக எடுக்க எதுவும் இல்லைம்மா. உடனே, ஒரே இழுப்பில் கழுத்தை முறித்து முடிக்க வேண்டும். அது கை வராதவர் நாயோடு வயலுக்கே போகக் கூடாது, அனுபவமுள்ள ஒருவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும். முயல் இங்கே பயிரைத் தின்று தீர்க்கிறது, 1954ஆம் ஆண்டின் சட்டப்படி அதைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் கடமைகூட. விஷவாயுவோ துப்பாக்கியோ நாயோ, ஏதோ ஒன்று நடக்கத்தான் போகிறது. ஆனால் குட்டி போடுகிற வசந்தத்தில் நான் போவதில்லை. பண்ணைக்காரர்கள் சிலருக்கு அதில் என் மேல் கோபம் உண்டு.

கே (விருதுநகர்): அண்ணே, எங்கிட்ட சிப்பிப்பாறை இருக்கு. இதே மாதிரி இங்கே பழக்கலாமா?

பகல் பழக்கம் எல்லாம் அப்படியே பொருந்தும் தம்பி, சிப்பிப்பாறையும் கன்னியும் அதற்குப் பிறந்தவைதான். ஆனால் முயலுக்கு விடாதீர்கள். நம்மூர்க் காட்டுமுயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, வனத்துறை வழக்குப் போடும், சொந்த நிலம் என்று சொல்லியும் தப்ப முடியாது.

கே (கென்ட்): சாப்பாடு, காயம் பற்றிச் சொல்லுங்கள். பிடித்த முயலைச் சமைக்கலாமா?

கிளம்புவதற்கு முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், நெஞ்சுக்கூடு ஆழமான நாய்க்கு வயிறு முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. காலையில் கொடுத்தது போதும், மிச்சம் திரும்பி வந்து மூச்சு அடங்கிய பிறகு. வீட்டுக்குள் விடும் முன் விரல் இடுக்கு, நகம், தொடை, மார்பு எல்லாம் கையால் தடவிப் பாருங்கள். லர்ச்சர் தோல் காகிதம் மாதிரி, முள்கம்பியில் கிழிந்தது ஓடுகிற வெறியில் அதற்கே தெரியாது. நொண்டினால் அன்றோடு நிறுத்தி விலங்கு மருத்துவரிடம் காட்டுங்கள், விரல் மூட்டுக் காயத்தோடு ஓடவிட்டால் நாள்பட்ட நொண்டியாகிவிடும்.

சமைக்கலாம், மிளகு தூக்கலாகப் போட்டால் அருமை. கண் வீங்கிச் சீழ் வடிந்து, வெளிச்சம் பட்டாலும் நகராமல் உட்கார்ந்திருக்கிற முயல் மிக்ஸோமடோசிஸ் வந்தது. 1953இல் இந்த நாட்டுக்குள் அந்த நோய் வந்ததே உங்கள் கென்ட் வழியாகத்தான். நாய்க்கு அது தொற்றாது. அந்த முயலை வேதனையிலிருந்து விடுவித்துவிடுங்கள், சட்டிக்கு வேண்டாம். குடலை நாய்க்குப் பச்சையாகப் போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, நாடாப்புழு அப்படித்தான் உள்ளே போகிறது. விலங்கு மருத்துவரிடம் கேட்டுப் பருவம் முழுக்க ஒழுங்காகப் புழு மருந்து கொடுங்கள், கடையில் வாங்குகிற எல்லா மாத்திரையும் நாடாப்புழுவுக்குக் கேட்காது, அட்டையில் பார்த்து வாங்குங்கள்.