சூரிச்சிலிருந்து லண்டன் 50 நிமிடமா?

கேள்வி: சூரிச்சில் மகளோடு ஒரு மாதம் இருந்துவிட்டு லண்டனில் உள்ள மகனிடம் போகப்போகிறேன். ரிக்கற்றில் பகல் 12.05க்குப் புறப்பட்டு 12.55க்கு இறங்குவதாக இருக்கிறது. திரும்பி வரும்போது 2 மணிக்கு ஏறி 4.45க்கு இறக்கம். ஒரே பாதைதானே? போக 50 நிமிடம், வர இரண்டே முக்கால் மணித்தியாலமா? தூரம் எவ்வளவு?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: ரிக்கற்றில் பிழை இல்லை அம்மா. கல்முனையில் ரிக்கற் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். லண்டனிலிருந்து சூரிச் போன ஒரு தாய்க்கு, இறங்கும் நேரத்தைக் கடித உறையின் பின்பக்கத்தில் ஒரு மணித்தியாலம் குறைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். மருமகன் எயார்போர்ட்டில் நின்றபடி கோல் எடுத்தார். "அண்ணன், மூன்றாவது கோப்பி குடிக்கிறேன், மாமியைக் காணவில்லை!"

விசயம் இவ்வளவுதான். ரிக்கற்றில் அந்தந்த ஊர் மணிதான் இருக்கும். லண்டன் மணிக்கூடு சூரிச்சுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி ஓடும். நீங்கள் இறங்கும் 12.55, சூரிச்சில் 1.55. ஆகவே போக 1 மணி 50 நிமிடம், வர 1 மணி 45 நிமிடம். மார்ச்சிலும் ஒக்டோபரிலும் கடைசி ஞாயிறு இரண்டு நாடும் ஒன்றாகவே மணியை மாற்றுவதால் இந்த வித்தியாசம் மாறாது. நம் நாட்டில் மாற்றுவதில்லை; அதனால் மகளுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணித்தியாலம், மாரியில் நாலரை.

நேர்கோட்டில் தூரம் ஏறத்தாழ 790 கிலோமீற்றர். ஒரு மணித்தியாலத்தில் பறக்கக்கூடிய தூரம் என்றுதான் தோன்றும். ஆனால் கதவு மூடியதிலிருந்து திறக்கும்வரை எல்லாம் கணக்கு: ஓடுபாதைவரை உருளுவது, ஏறுவது, இறங்குவது. லண்டன் ஹீத்ரோ எயார்போர்ட்டில் இறங்க இடம் கிடைக்கும்வரை வானத்திலேயே வட்டமடிக்கவும் வைப்பார்கள். காற்றும் உண்டு. அங்கே உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. லண்டன் போகிற பிளேன் அதற்கு எதிரே போக வேண்டும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ரவுண் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிளேனில் இரண்டு மணித்தியாலம் என்றாலும், இரண்டு மணித்தியாலம் முந்திப் போவது, லண்டனில் பாஸ்போர்ட் வரிசை, மகன் வீடுவரை ஓட்டம் எல்லாம் சேர்த்தால் அரை நாள். ரயிலிலும் போகலாம்: பாரிஸ்வரை நாலு மணித்தியாலம், அங்கே ஸ்டேசன் மாறி, கடலடிச் சுரங்கத்தால் லண்டனுக்கு இரண்டேகால். பெட்டியோடு ஸ்டேசன் மாறுவதை நினைத்தால் உங்களுக்குப் பிளேன்தான் சரி.

நீங்கள் கேட்காத ஒன்று. சுவிஸ் வீசாவில் பாரிஸ் போகலாம், லண்டன் போக முடியாது. அதற்குத் தனி வீசா. அதோடு சுவிஸ் வீசா ஒருமுறை மட்டும் நுழையும் வகை என்றால், லண்டன் போன பிறகு சூரிச்சுக்குள் திரும்ப விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய வீசாத் தாளில் '01' (ஒருமுறை) என்று இருக்கிறதா, 'MULT' (பலமுறை) என்று இருக்கிறதா? மகளிடம் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.