குடும்பக் கதையை ஆவணப்படமாக எடுக்கிறேன், வீட்டில் யாரும் கேமரா முன் பேச மறுக்கிறார்கள். என்ன செய்வது?

கல்லூரி ப்ராஜெக்டாகத்தான் இருக்கும், கொடுக்க வேண்டிய தேதியும் நெருங்கியிருக்கும். கேமராவை ஒரு வாரம் பைக்குள்ளேயே வையுங்கள். குரலை மட்டும் பதியுங்கள்.

நான் செய்தது நேர்மாறு. 2 விளக்கு, ஸ்டாண்ட், எழுதி வைத்த 18 கேள்வி. பாட்டி சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்ட மாதிரி "ஆமா", "இல்ல", "ஞாபகமில்ல" என்று முடித்துவிட்டார். நான் விளக்கை அணைத்துவிட்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது உள்ளறைக்குப் போய் அத்தையிடம் பேச ஆரம்பித்தார். அவர் தோளில் மாட்டிய காலர் மைக்கைக் கழற்ற மறந்திருந்தேன், ரெக்கார்டரும் ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா ஏன் 3 வருடம் வீட்டுக்கு வரவில்லை, யாரோடு இருந்தார், எல்லாம் 4 நிமிடத்தில்.

ஒட்டுக்கேட்டுப் படம் எடுத்தவன் என்று உடனே பாடம் எடுக்க வராதீர்கள். அன்றிரவே பாட்டிக்கு ஹெட்போன் மாட்டி அதைப் போட்டேன், வேண்டாமென்றால் அழித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "என் குரல் இருக்கட்டும், அவ பேரு வேண்டாம்" என்றார்.

பேரை வெட்டி அந்த இடத்தை வெறுமனே விட்டால் ஸ்பீக்கர் செத்துப்போன மாதிரிக் கேட்கும். படம் எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 விநாடியாவது அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொள் என்பது இதற்குத்தான். நான் அதையும் செய்யவில்லை. மறுநாள் உள்ளறையில் ஃபேனை அதே வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்து, பேர் வரும் இடங்களில் ஒட்டினேன்.

மதிப்பெண் போட்டவர் அதை "எடிட்டிங் பிழை" என்று எழுதினார். இன்னும் ஆறவில்லை எனக்கு. அதைவிடக் கோபம் சித்தப்பா மேல்: பழைய போட்டோக்களைக் கேட்டேன், தொலைத்துவிடுவாய் என்று தரவே இல்லை, கடைசியில் டியூப்லைட் வெளிச்சம் பளபளக்கப் போனில் எடுத்து அனுப்பினார். 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் போட்டோவை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் 3600க்கு 2400 பிக்சல் கிடைக்கும், ஹெச்டி படத்தில் முகத்தை நோக்கி மெல்ல நெருங்கிப் போகலாம். அவர் அனுப்பியதில் தாத்தா முகத்தில் பாதி வெறும் வெள்ளை. சரி, அது வேறு கதை.

படம் 14 நிமிடம். வீட்டில் போட்டபோது அந்த இடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் ஓடியது. அப்பா திரும்பிப் பாட்டியைப் பார்த்தார். பாட்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.