இரண்டு குட்டிகளையும் தனித்தனியாகப் பழக்குங்கள்

கேள்வி: ஒரே தாயின் இரண்டு நாய்க்குட்டிகளை, ஓர் ஆணும் ஒரு பெண்ணும், உறவினர் வீட்டிலிருந்து கொண்டுவந்தோம். ஒன்பது கிழமை வயது. எந்நேரமும் ஒன்றோடொன்று விளையாடுகின்றன. கூப்பிட்டால் இரண்டும் வருவதில்லை. விறாந்தை முழுக்க மூத்திரம். பிள்ளைகளின் கால், உடுப்பு எல்லாவற்றையும் கடிக்கின்றன. பெண்குட்டி பயந்தது, அதன் சாப்பாட்டை மற்றது பறித்துத் தின்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, கோண்டாவில்)

பதில்: நீங்கள் சொன்ன தொல்லைகளில் பாதிக்கு ஒரே காரணம்தான். குட்டிகள் இரண்டும் நாள் முழுக்கச் சேர்ந்தே இருக்கின்றன. விளையாட, ஒட்டிப் படுக்க, பயம் வந்தால் ஒளிய ஒரு துணை பக்கத்திலேயே இருக்கும்போது, உங்கள் குரலுக்கு அவை ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்? பயந்த குட்டிக்கு இது இன்னும் கூடாது. எல்லாவற்றுக்கும் அண்ணனின் பின்னால் நின்றே பழகிவிடும்.

ஆகவே, தினமும் சில தடவை பிரித்து வையுங்கள். முதல் நாளே ஒன்றை வளவின் அந்தப் பக்கமும் மற்றதை இந்தப் பக்கமும் கட்டினால் ஊர் கூடும் அளவுக்குக் கத்தும். சாப்பாட்டு நேரத்தில் தொடங்குவதே லேசு. ஒன்றுக்குக் குசினி வாசலில், மற்றதற்கு விறாந்தையின் மறு முனையில், இடையில் ஒரு தடுப்போடு சாப்பாடு வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கலாம், கிட்டப் போக முடியாது. சாப்பாட்டுப் பறிப்பும் அன்றோடு முடியும். சில நாளில் தடுப்பை மறைத்து, நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி வரை மெல்லக் கூட்டுங்கள். இரவில் பக்கத்துப் பக்கத்தில், ஆனால் தனித்தனிப் பெட்டியில் படுக்கட்டும். சங்கிலி இந்த வயதுக்கு வேண்டாம்.

பெயர் பழக்குவதும் அப்படித்தான். இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டால் எது யாருடையது என்று அவற்றுக்கு விளங்காது. ஒன்றை மட்டும் முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த உடனே அவித்த கோழியில் ஒரு சின்னத் துண்டு. மூன்று நிமிடம் போதும், பிறகு அடுத்ததின் முறை. அப்பம்மா 'இஞ்ச வா' என்றும் மகன் 'கம்' என்றும் கூப்பிடுவது நம் வீடுகளில் வழக்கம். எதுவானாலும் சரி, வீட்டார் எல்லாரும் ஒரே சொல்லில் நில்லுங்கள்.

மூத்திரத்துக்கு அடி தேவையில்லை, அதில் மூக்கைத் தேய்ப்பது அறவே வேண்டாம். தூங்கி எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒவ்வொன்றாக வளவின் ஒரே மூலைக்குக் கொண்டுபோங்கள். சேர்த்து விட்டால் விளையாட்டில் வந்த வேலையை மறந்துவிடும். அங்கே மூத்திரம் போனதும், அந்த இடத்திலேயே தட்டிக்கொடுங்கள். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. மாரி மழையிலும் குடையோடு போகத்தான் வேண்டும்.

கடிப்பது இந்த வயதுக் குணம். நாலாம் மாதமளவில் பல் மாறத் தொடங்கும்போது கொஞ்சம் கூடும், ஆறு, ஏழு மாதத்தில் குறையும். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் அது குட்டிக்கு இன்னும் நல்ல விளையாட்டு. அசையாமல் நின்று, கையை மடக்கி, முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். கடிக்க முடிச்சுப் போட்ட தடித்த துணி கொடுக்கலாம். பழைய செருப்புக் கொடுக்காதீர்கள். புதியதுக்கும் பழையதுக்கும் குட்டிக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்று முக்கியம்: பல் பட்டுத் தோல் கீறினால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, பிள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள். விசர்நாய் நோய் குட்டிகளுக்கும் வரும்.

தடுப்பூசி தொடங்காவிட்டால் இந்தக் கிழமையே கால்நடை வைத்தியரிடம் போங்கள். பார்வோ (வாந்தியும் இரத்த வயிற்றோட்டமும் வந்து குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய்) போன்ற நோய்களுக்கான ஊசியை ஆறு முதல் எட்டுக் கிழமை வயதில் தொடங்கி, மூன்று, நாலு கிழமைக்கு ஒரு தடவை, 16 கிழமை வயது வரை போடுவார்கள். விசர்நாய் ஊசி எப்போது என்பதையும் பூச்சி மருந்தையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் ஊசி முடியும் வரை ஒழுங்கையில் இறக்கி விடாதீர்கள். ஆனால் வெளியுலகத்துக்குப் பழகும் வயதும் இதுதான்; 14 கிழமைக்குப் பிறகு புதிதாகக் காணும் எதற்கும் பயம் கூடும். ஆளுக்கொரு குட்டியைத் தூக்கிக்கொண்டு கேற்றடியில் நில்லுங்கள். ஓட்டோ, சைக்கிள், மீன் வியாபாரியின் சத்தம், கோயில் மணி எல்லாம் கேட்கட்டும். பயந்த குட்டியைத் தனியாகக் கொண்டுபோவது கட்டாயம். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் கண்டால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

சாப்பாடு நாளுக்கு மூன்று, நாலு தடவை. வெறும் சோறு போதாது. முள் எடுத்த மீன், முட்டை, கோழி சேர்க்க வேண்டும். மிஞ்சிய கறியை ஊற்றிப் பிசையாதீர்கள், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. அவித்த கோழி எலும்பும் ஆகாது, அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆறு மாதமளவில் பெண்குட்டி பருவத்துக்கு வரலாம். கூடப் பிறந்தது என்று ஆண்நாய் விலகி நிற்காது. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஐந்தாம் மாதமே வைத்தியரிடம் நாள் கேட்டு வையுங்கள். இவ்வளவுக்கும் வீட்டில் ஆளில்லை, நேரமில்லை என்றால், ஒன்றை நல்ல வீடு பார்த்து இப்போதே கொடுப்பதில் தப்பில்லை. ஆண்குட்டியைக் கொடுங்கள் என்பேன். பயந்தது உங்களிடமே இருக்கட்டும், இன்னொரு தடவை இடம் மாறுவது அதற்குத்தான் கஷ்டம்.