தள்ளுபடியில் வாங்கிய 31 கேம்களும் கிரெடிட் கார்டு பாக்கியும்

கேள்வி: எனக்கு 27 வயது. ஐந்து மாதத்துக்கு முன் பாகங்களைத் தேடித் தேடி வாங்கி, நானே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். இரண்டரை மாதச் சம்பளம் ஆனது. அதை 12 மாத இஎம்ஐயில் போட்டிருக்கிறேன். அதன் பிறகு ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி வரும்போதெல்லாம் கேம் வாங்கியதில் இப்போது 31 இருக்கின்றன. ஆறைத் திறந்து விளையாடியிருக்கிறேன், ஒன்றைத்தான் முடித்தேன். போன வாரம்கூட ஒன்பது வாங்கினேன், இன்னும் இன்ஸ்டால் செய்யவில்லை. எல்லாம் கிரெடிட் கார்டில். முதல் மாதம் முழுதாகக் கட்டினேன், அப்புறம் மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) மட்டும். எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் அக்கா மகன் (14 வயது) கென்ஷின் இம்பாக்ட் ஆடுகிறான். அவன் கேட்டபோது என் கார்டைப் போட்டுக் கொடுத்தேன், அதிலும் செலவு ஏறுகிறது. அடுத்த தள்ளுபடியில் பால்டர்ஸ் கேட் 3, எல்டன் ரிங், ஃபேக்டோரியோ மூன்றில் எதை வாங்குவது? இன்னும் வெளிவராத ஒரு கேமுக்கு முன்பதிவு செய்யலாமா? மாதச் சந்தா கட்டி அதில் உள்ள கேம்களை ஆடுவது நல்லதா? கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி நிரம்பிவிட்டது, இன்னொன்று வாங்கட்டுமா? நண்பன் ஒருவன் கவுன்டர் ஸ்ட்ரைக் கேமில் ஆயுதங்களின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின்கள் நல்ல முதலீடு என்கிறான். உண்மையா?

பதில்: தொகைகளை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறேன்.

கம்ப்யூட்டர் 250. அதன் தவணை மாதம் 22 அல்லது 23. சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கனமான தவணைதான், ஆனால் ஒழுங்காகப் போகிறது, ஏழு மாதத்தில் முடிந்துவிடும். ஆசைப்பட்டு, படித்து, கையால் சேர்த்த பொருள் அது. அதைப் பற்றி நான் குறை சொல்லப்போவதில்லை. வட்டி, பட்ஜெட் பற்றியெல்லாம் உங்களுக்குப் பாடமும் தேவையில்லை, கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தவறு ஒரே இடத்தில் இருக்கிறது: பாக்கி நிற்கும் கார்டில், விளையாட நேரமில்லாத கேமை, தள்ளுபடி என்பதற்காகவே வாங்குகிறீர்கள்.

ஐந்து மாதத்தில் கேம்களுக்கு மட்டும் 20 செலவாகியிருக்கிறது. விளையாடிய ஆறு கேம்களின் விலை, நீங்கள் அனுப்பிய பட்டியல்படி, சுமார் 5. மீதி 15 திறக்காமல் கிடக்கிறது. அதாவது நாலு பங்கு கொடுத்து ஒரு பங்கை அனுபவிக்கிறீர்கள். 75 சதவீதத் தள்ளுபடியில் நாலு கேம் வாங்கி ஒன்றை மட்டும் விளையாடினால், அந்த ஒன்றுக்கு முழு விலை கொடுத்ததாகத்தான் கணக்கு. தள்ளுபடி அங்கேயே தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் கார்டு வட்டி.

கார்டு பாக்கி இப்போது 18. வட்டி மாதம் 3 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள், மினிமம் டியூ 5 சதவீதம். மாதம் 0.90 கட்டுகிறீர்கள், அதில் 0.54 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 0.36தான். இனி ஒன்றுமே வாங்காமல் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு போனாலும், இந்தப் பாக்கி பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பாக்கியை முழுதாகத் தீர்க்காதவரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். போன வாரம் வாங்கிய ஒன்பதுக்கும் இப்போது வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, இன்ஸ்டால்கூட ஆகாத நிலையில்.

அந்த ஒன்பதைப் பற்றி, கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன், ஏனென்றால் நாள் கணக்கு ஓடுகிறது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால், காரணம் கேட்காமல் ரீஃபண்ட் கொடுப்பார்கள். 2015 முதல் இருக்கும் விதி இது. ரீஃபண்ட் கேட்கும்போது பணம் எங்கே திரும்ப வேண்டும் என்று ஒரு கேள்வி வரும்: ஸ்டீம் வாலட்டா, பணம் கட்டிய கார்டா. அங்கே கார்டைத் தேர்ந்தெடுங்கள். வாலட்டுக்குப் போன பணத்தை வெளியே எடுக்க முடியாது, அது இன்னொரு கேமாகத்தான் மாறும். ஒன்பதுக்கும் சேர்த்து 4 திரும்பினால் பாக்கி 14 ஆகிவிடும்.

அப்படியானால் எதை விளையாடுவது? உங்கள் கேள்விக்கு உங்கள் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. திறக்காத கேம்களில் மூன்றைப் பார்த்தேன்: 2015இல் வந்த விட்சர் 3, கம்ப்யூட்டருக்கு 2019இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, 2020இல் வந்த சைபர்பங்க் 2077. புதுக் கம்ப்யூட்டருக்குப் புது கேம்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சைபர்பங்க் இன்றைக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டைத் திணற வைக்கும். ஒளியையும் பிரதிபலிப்பையும் நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங்கை முழுதாக ஏற்றி, மழை நனைத்த தெருவில் விளம்பர விளக்குகள் பிரதிபலிப்பதைப் பாருங்கள், அந்த கார்டுக்குக் கொடுத்த பணம் எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியும். ரெட் டெட்டில் பனியில் குதிரை நடந்த தடம் அப்படியே பள்ளமாக நிற்கும். இவற்றை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்.

வாரம் 8 மணி நேரம் கிடைக்கிறது என்கிறீர்கள். ஒரு கேமை முடிக்க எவ்வளவு நேரமாகும் என்பதை ஹவ் லாங் டு பீட் தளத்தில் பார்க்கலாம். விட்சர் 3இன் முதன்மைக் கதைக்கு சுமார் 50 மணி, ரெட் டெட்டுக்கும் ஏறக்குறைய அதே அளவு, சைபர்பங்கைக் கிளைக்கதைகளோடு ஆடினால் 60ஐத் தொடும். மொத்தம் 160 மணி. உங்கள் வேகத்தில் 20 வாரம், கிட்டத்தட்ட ஐந்து மாதம். ஐந்து மாதத்துக்கு நீங்கள் எதையுமே வாங்க வேண்டியதில்லை.

இப்போது கிரெடிட் கார்டுக்கு வருவோம். கேமுக்கும் அக்கா மகனுக்குமாக மாதம் ஏறக்குறைய 5 போகிறது. அதை நிறுத்தி, மினிமத்தோடு சேர்த்து மாதம் 6 கட்டுங்கள். 18 பாக்கி நான்காவது மாதத்தில் தீர்ந்துவிடும். ரீஃபண்ட் கிடைத்து 14 ஆகியிருந்தால் மூன்றாவது மாதத்திலேயே. சைபர்பங்க் முடிவதற்குள் கார்டு சுத்தமாகிவிடும். போனஸ் எதுவும் வந்தால் கம்ப்யூட்டர் தவணையை முன்கூட்டி அடைக்காதீர்கள், முதலில் கார்டு. இரண்டுக்கும் வட்டியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அக்கா மகன் விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. ஐந்து மாதத்தில் 4 போயிருக்கிறது, எங்கே நிற்கும் என்று எல்லையே இல்லை. கென்ஷின் இம்பாக்ட் இலவச கேம், ஆனால் விரும்பிய கதாபாத்திரம் சீட்டுக் குலுக்கல் போல வருகிறது. 90 இழுப்புக்குள் (ஒரு குலுக்கல் ஒரு இழுப்பு) ஒரு ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் உறுதி, ஆனால் அது அவன் கேட்டதாகவே இருக்கும் என்று உறுதியில்லை. மோசமாகப் போனால் 180 இழுப்பு. ஒரு இழுப்புக்கு 160 ப்ரைமோஜெம் (கேமுக்குள் செலவழிக்கும் நாணயம்) வீதம் 28,800. கடையில் இருக்கும் மிகப் பெரிய பொதியில் போனஸோடு சேர்த்து 8,080தான் கிடைக்கும். காசு கொடுத்தே எல்லாம் வாங்கினால், ஒரே ஒரு கதாபாத்திரத்துக்கு அந்தப் பெரிய பொதி நாலு தேவைப்படலாம். பெல்ஜியம் 2018இல் காசு கொடுத்து வாங்கும் இத்தகைய குலுக்கல் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. பதினாலு வயதுப் பையன் கையில், உங்கள் பெயரில் உள்ள கார்டோடு, இது இருக்கக் கூடாது.

இன்றே அவன் கணக்கிலிருந்து கார்டை நீக்குங்கள். அவனிடம் சொல்வதற்கு முன் அக்காவிடம் சொல்லுங்கள், அவன் எதிரில் வேண்டாம். "அக்கா, என் கார்டில் பாக்கி நிற்குது, நாலு மாசம் யாருக்கும் எதுவும் வாங்க முடியாது. அப்புறம் மாசாமாசம் அவனுக்கு ஒரு தொகை நானே கையில கொடுக்கிறேன், அதுக்குள்ள அவன் பார்த்துக்கட்டும்." இவ்வளவு போதும். அக்கா வருத்தப்படுவார் என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் பாக்கி நிற்பதே அவருக்கு இதுவரை தெரியாது. தெரிந்தால் முதல் ஆளாக நிறுத்தச் சொல்பவர் அவராகத்தான் இருப்பார்.

பையனை வெறுங்கையோடு விட வேண்டாம். ஸ்டீமில் ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர் வரை குடும்பமாகச் சேரலாம். உங்கள் கேம்களில் பகிர்வதற்கு அனுமதி உள்ளவற்றை அவன் தன் கணக்கிலிருந்தே விளையாடலாம், அதே நேரத்தில் நீங்கள் வேறொன்றை ஆடலாம். அவனைச் சிறுவர் கணக்காகச் சேர்த்தால் எந்தெந்த கேம், எத்தனை மணி நேரம் என்று நீங்களே வரையறுக்கலாம். மேலே சொன்ன மூன்றும் வயதுவந்தவர்களுக்கானவை, அவற்றை அவனுக்கு மூடிவையுங்கள். இன்னொரு எச்சரிக்கை: உங்கள் கேமில் அவன் ஏமாற்று மென்பொருள் போட்டுப் பிடிபட்டால், அந்த கேமில் உங்களுக்கும் தடை வரும். முதலிலேயே சொல்லி வையுங்கள்.

மீதிக் கேள்விகளைச் சுருக்கமாக முடிக்கிறேன். முன்பதிவு வேண்டாம். டிஜிட்டல் கேம் கையிருப்பு தீர்ந்துபோகும் சரக்கில்லை. சைபர்பங்கை 2020 டிசம்பரில் முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பிழைகள் மலிந்த பதிப்பு. சோனி தன் கடையிலிருந்தே அதைச் சில மாதங்கள் எடுத்து வைத்திருந்தது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு வாங்கியவர்கள் குறைந்த விலையில் நல்ல கேமைப் பெற்றார்கள். கான்கார்ட் என்ற ஆன்லைன் கேம் 2024 ஆகஸ்டில் வெளிவந்து இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்பி வாங்கக் கூடாது.

மாதச் சந்தாவை நான் ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். 31 கேம் வைத்திருப்பவருக்கு இப்போது அது தேவையில்லை, அவ்வளவுதான். பிறகு ஏதாவது ஒரு கேமுக்காக எடுத்தால், சேர்ந்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிட்டு, ஒரு மாதத்தில் ஆடி முடியுங்கள். சந்தாப் பட்டியலில் உள்ள கேம்கள் அவ்வப்போது விலகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஸ்கின் முதலீடு பற்றி எனக்குப் பொறுமையே இல்லை. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் விலை போகும் கத்தி ஸ்கின்களின் அருமை, அவை எவ்வளவு அரிதாகக் கிடைக்கின்றன என்பதில் மட்டும் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது அந்த கேமையும் ஸ்டீமையும் நடத்தும் வால்வ் என்ற ஒரே நிறுவனம். 2025 அக்டோபரில், கத்தியைவிட எளிதில் கிடைக்கும் சிவப்புத் தரத்து ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்று ஒரு அப்டேட்டில் மாற்றினார்கள், கத்திகளின் விலை மளமளவென்று சரிந்தது. முறையிட எந்தக் கண்காணிப்பு அமைப்பும் இல்லை. ஸ்டீம் சந்தையில் விற்றாலும் காசு வாலட்டுக்குத்தான் போகும். நண்பர் லாபம் பார்த்திருந்தால் மகிழ்ச்சி, நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எஸ்எஸ்டி வாங்க வேண்டாம். விட்சர் 3க்கு 50, சைபர்பங்குக்கு 70, ரெட் டெட்டுக்கு 150 ஜிபி, மூன்றும் சேர்த்து ஏறக்குறைய 270 ஜிபி. உங்கள் 1 டிபி (சுமார் 1,000 ஜிபி) எஸ்எஸ்டியில் தாராளமாக அடங்கும். மற்றவற்றை அழியுங்கள், வாங்கிய கேமை எப்போது வேண்டுமானாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். பாதி ஆடியதை அழிக்கும்முன் அதற்கு கிளவுட் சேவ் (ஆடிய நிலையை இணையத்தில் சேமிக்கும் வசதி) உள்ளதா என்று ஸ்டீம் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதம் கழித்து, கார்டு பாக்கி பூஜ்யம் ஆன பிறகு, ஒரே ஒரு கேம் வாங்குங்கள். நீங்கள் கேட்ட மூன்றில் நான் பால்டர்ஸ் கேட் 3ஐச் சொல்வேன். 70 மணிக்கு மேல் ஓடும், உள்ளே காசு பிடுங்கும் கடை கிடையாது. எல்டன் ரிங் அருமையான கேம்தான், ஆனால் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு (படத்துக்கு) மேல் ஓடாது, நொடிக்கு 144 படம் காட்டக்கூடிய, நீங்கள் வாங்கிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அதில் வேலையில்லை. ஃபேக்டோரியோவுக்குத் தள்ளுபடியே தருவதில்லை என்பது அதன் தயாரிப்பாளர்களின் கொள்கை, எனவே தள்ளுபடிக்காகக் காத்திருப்பதிலும் அர்த்தமில்லை, அவசரப்படுவதிலும் அர்த்தமில்லை. இலவச டெமோ இருக்கிறது, அதை இன்றைக்கே ஆடிப் பார்க்கலாம். எதை வாங்கினாலும் டெபிட் கார்டில் வாங்குங்கள், வாங்கிய அன்றைக்கே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆடுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க உங்களிடம் இன்னும் அரை மணி மிச்சமிருக்கும்.