அஞ்சு பேர், ஒரு வீடு, ரெண்டு கார் நிற்கும் இடம்: கேள்வி பதில்

அமெரிக்காவில் வீடு பகிர்ந்து தங்குகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே சேர்த்தே பதில் சொல்கிறேன். நகரத் திட்டக் குழு ஒன்றில் இருக்கிறேன், வக்கீல் அல்ல.

கேள்வி: அண்ணா, நாங்க அஞ்சு மாணவர்கள். வீட்டில் நாலு படுக்கையறை. உறவில்லாதவங்க மூணு பேருக்கு மேல தங்கக் கூடாதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார். நிஜமாவே அப்படிச் சட்டம் இருக்கா?

இருக்கலாம் தம்பி. எந்த மாநிலம் என்று சொல்லவில்லையே! பல ஊர்களின் சோனிங் விதியில் (எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஊர் போடும் விதி) 'குடும்பம்' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கும். உறவில்லாதவர்கள் எத்தனை பேர் என்ற வரம்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். நியூயார்க்கின் பெல் டெர் கிராமம் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்றது. ஆறு மாணவர்கள் தங்கியிருந்த ஒரு வீட்டைப் பற்றிய வழக்கில், 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. பாட்டியோடு பேரப்பிள்ளைகள் தங்குவதை ஊர் தடுக்க முடியாது என்று 1977-ல் வந்த தீர்ப்பு ரத்த உறவுக்குத்தான் துணை, நண்பர்களுக்கு இல்லை.

ஆனால் சில மாநிலங்கள் வேறு வழியில் போயின. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980-லேயே இப்படிப்பட்ட வரம்பைத் தள்ளுபடி செய்தது. அயோவா 2017-லும், ஓரிகனும் வாஷிங்டனும் 2021-லும், கொலராடோ 2024-லும் சட்டம் போட்டு நீக்கின. அங்கேயும் பரப்பளவு, தீ பாதுகாப்பு சார்ந்த வரம்புகள் உண்டு. ஹாலில் வரிசையாக மெத்தை போடலாம் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே ஊர்க்காரர், எனக்கு மாமா முறை. உறவில் சேருமா?

ரத்தம், திருமணம், தத்து: பெரும்பாலான விதிகள் இந்த மூன்றைத்தான் பார்க்கும். முறை வைத்துக் கூப்பிடுவது கணக்கில் வராது.

கேள்வி: ஓனர் சரின்னுட்டார், நாலு பேரை மட்டும் லீஸில் போட்டுக்கலாம்னும் சொல்றார். பரவாயில்லையா அண்ணா?

ஓனரின் சம்மதம் நகர விதியை மாற்றாது. நோட்டீஸ் பெரும்பாலும் அவருக்குத்தான் முதலில் வரும். வந்ததும் ஒருவரைக் காலி செய்யச் சொல்வார். யாரை? லீஸில் பெயர் இல்லாத அந்த அஞ்சாவது ஆளைத்தான். வாடகைக்கு இருப்பவர் தன் பொருட்களுக்கு எடுக்கும் காப்பீடும் பொதுவாக பாலிசியில் பெயர் இல்லாத அறைத்தோழரின் பொருளுக்குப் பணம் தராது. வாடகை மிச்சமாகிறதே என்று இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: யாருமே எண்ணிப் பார்க்கறதில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

காரை வைத்து. தலையை யாரும் எண்ணுவதில்லை, ஆனால் ராத்திரி வாசலில் அஞ்சு கார் நின்றால் தெருவுக்கே தெரியும். இந்த விதிகள் பெரும்பாலும் புகார் வந்தால்தான் அமலாகும். குடியிருப்புத் தெருவில் புகாரின் ஆரம்பம் அநேகமாக பார்க்கிங்தான். குடியேறிய வாரமே பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: புகாரின் பேரில் இன்ஸ்பெக்டர் வந்து கதவைத் தட்டினா உள்ளே விடணுமா?

கட்டாயமில்லை. நீங்கள் மறுத்தால் அவருக்கு வாரண்ட் வேண்டும் என்பது 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மரியாதையாகப் பேசி, தேதி கேட்டு, ஓனருக்குத் தகவல் சொல்லுங்கள். பொய் சொல்ல வேண்டாம்.

கேள்வி: எங்க வீட்டு முன்னாடி வேற ஆள் கார் நிறுத்தறார். தடுக்க முடியுமா?

முடியாது, தெரு பொது. அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் பார்க்கிங் பெர்மிட் தரும் பகுதி என்றால் மட்டும் வெளியாட்களுக்குத் தடை. அது செல்லும் என்று 1977-ல் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் பகுதி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பெர்மிட் வாங்க, காரின் பதிவு அந்த முகவரியில் இருக்க வேண்டும் என்று பல ஊர்கள் கேட்கும். வேறு மாநில நம்பர் பிளேட்டோடு வந்தவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

கேள்வி: ஊருக்குப் போறேன். காருக்குக் கவர் போட்டு ரோட்டிலேயே விட்டுட்டுப் போகலாமா?

வேண்டாம். கலிபோர்னியாவின் பல நகரங்களில் 72 மணி நேரம் அசையாமல் நின்றால் இழுத்துப் போய்விடலாம். பனி கொட்டும் ஊர்களில் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க மாட்டார்கள். டிரைவ்வேயில் விடுங்கள். ஆனால் நடைபாதையை மறிக்கக் கூடாது; புல்தரையில் ஏற்றுவதற்கும் பல ஊர்களில் அபராதம் உண்டு. பதிவு காலாவதி ஆகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியை ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.